விசா வேண்டாத பயணத்துக்கு வேண்டியவை

7 டிசம்பர் 2025, ஞாயிறு

பெரியப்பாவும் பெரியம்மாவும் தைப்பூசத்துக்குப் பத்துமலை போகிறார்கள். தங்கல் கோலாலம்பூரில் மகள் வீட்டில். எங்கள் ஊரான அவனியாபுரத்துக்குப் பக்கத்திலேயே விமான நிலையம் இருந்தாலும், கோலாலம்பூர் விமானத்துக்குத் திருச்சிதான் போக வேண்டும்.

“விசாவே வேணாம்ங்கிறாக. அப்புறம் எதுக்குப்பா இம்புட்டுத் தாளு?” என்றார் பெரியப்பா.

நியாயமான கேள்வி. 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் விசா எடுக்காமல் மலேசியாவில் 30 நாள் வரை தங்கலாம். ஆனால் முன்பு தூதரகம் சாவகாசமாகப் பார்த்ததை இப்போது இறங்குமிடத்தில் குடிநுழைவு அதிகாரி சில நிமிடத்தில் பார்க்கிறார். அங்கே குறை தெரிந்தால் சரிசெய்ய அவகாசம் கிடையாது, திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

முதலில் பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன். பெரியம்மாவுடையது 2026 மே மாதம் முடிகிறது. இறங்கும் நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். உடனே புதுப்பிக்க விண்ணப்பித்தோம். புது எண் வந்த பிறகே டிக்கெட். ஆதாரில் முன்னெழுத்தும் பாஸ்போர்ட்டில் முழுப்பெயரும் இருப்பது நம்மிடம் சகஜம். டிக்கெட்டில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர் வர வேண்டும்.

15 ஜனவரி 2026, வியாழன், பொங்கல்

ஜல்லிக்கட்டு முடிந்து கூட்டம் கலைந்த நேரம். தெருப் பையன் ஒருவன் வாட்ஸ்அப் செய்தியைக் காட்டினான்: தாய்லாந்தில் கணினி வேலை, விசா தேவையில்லை, போனதும் சம்பளம்.

“அண்ணே, போகலாமா?”

“போகாதப்பா. விசா இல்லாம விடுறது சுற்றிப் பார்க்க. வேலைக்குத் தனி விசா வேணும்.”

அவனை உட்காரவைத்து விவரமாகச் சொன்னேன். இப்படி பாங்காக் போனவர்கள்தான் எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடி மோசடிக் கூடங்களில் அடைபட்டார்கள். 2025 மார்ச்சில் 549 இந்தியர்களை விமானப்படை விமானங்களில் மீட்டுவர வேண்டியிருந்தது. ஈரானும் 2024 பிப்ரவரியில் நமக்கு விசா இல்லாமல் வழிவிட்டது. வேலை ஆசைகாட்டி அழைத்துப்போய், கடத்தி, பணம் கேட்கும் கும்பல்கள் பெருகவே 2025 நவம்பர் 22 முதல் அதை நிறுத்திவிட்டது.

பத்தாம் வகுப்பு தேறாதவர்களுக்குப் பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர். என்று அச்சிட்டிருக்கும். அவர்கள் மலேசியா, தாய்லாந்து உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் குடிபெயர்வு அனுமதி பெற வேண்டும். அந்த அனுமதி தடங்கல் அல்ல, காவல். ஆள் எடுக்கும் முகவர் பதிவு பெற்றவரா என்பதை இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். பையன் தேடினான். அந்தப் பெயர் அதில் இல்லை.

27 ஜனவரி, செவ்வாய்

பயணம் வெள்ளிக்கிழமை. மலேசியாவின் டிஜிட்டல் வருகை அட்டையை இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும் என்பதால் இன்று உட்கார்ந்தோம். அரசுத் தளத்தில் கட்டணமே கிடையாது. தேடினால் காசு கேட்கும் போலித் தளங்களும் வரும். பாஸ்போர்ட் எண், விமான எண், தங்கும் முகவரி எல்லாம் கேட்டது. தங்குமிடத்தில் ‘உறவினர் வீடு’ என்று போட்டு மகளின் முகவரியை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தேன். தாய்லாந்தும் 2025 மே 1 முதல் இதே மாதிரி அட்டை கேட்கிறது.

பிறகு பெரியம்மாவின் கைப்பையில் ஒரு உறை: திரும்பும் டிக்கெட், வருகை அட்டையின் அச்சுப்படி, வங்கிக் கணக்கு விவரம், மகளின் அழைப்புக் கடிதம், தொலைபேசி எண். சர்க்கரை மாத்திரைகள் அட்டை கிழியாமல், மருத்துவர் சீட்டோடு.

“எதுக்கு வந்தீங்கன்னு கேட்டா?”

“தைப்பூசத்துக்கு வந்தோம், மக வீட்ல தங்குறோம், இன்ன தேதி திரும்புறோம்னு சொல்லுங்க பெரியம்மா. தமிழ்லயே சொல்லலாம். அவங்க கேட்டாத்தான் தாளைக் காட்டணும்.”

31 ஜனவரி, சனி

இருவரும் சேர்ந்துவிட்டார்கள். கவுன்டரில் திரும்பும் டிக்கெட்டும் முகவரியும்தான் கேட்டார்களாம். நாளை தைப்பூசம், 272 படி ஏறப்போகிறார்கள்.

மலேசியாவின் இந்த விசா விலக்குச் சலுகை 2026 டிசம்பர் 31 வரை என்று அறிவித்திருக்கிறார்கள். நீட்டலாம், நிறுத்தலாம். போன வருடம் போய்வந்தவர் சொன்னதை நம்பி டிக்கெட் போடக் கூடாது. போகும் நாட்டின் குடிநுழைவுத் துறைத் தளத்தை அன்றன்று பார்க்க வேண்டும். முதன்முறை கடல் கடக்கும் நம் பெரியவர்களுக்குப் பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து இதைச் செய்து கொடுக்க வேண்டும். டிக்கெட் வாங்கித் தருவதைவிட இது பெரிய உதவி.