தாக்குவாரற்ற மதில்

எடின்பரோவில் லண்டன் ரயில் பிடித்தால் முக்கால் மணி நேரத்தில் பெரிக் வந்துவிடும். இடப்பக்க ஜன்னலில் வடகடல். ஸ்காட்லாந்து எல்லையைத் தாண்டி நாலைந்து கிலோமீட்டரில், ட்வீட் ஆறு கடலில் கலக்கும் முகத்தில் இருக்கிறது ஊர். இங்கிலாந்தின் வடகோடி.

நான் இறங்கி நின்ற இடம் ஒரு காலத்தில் பெரிக் கோட்டையின் பெரிய மண்டபமாம். ரயில் நிலையத்தில் பலகை வைத்திருக்கிறார்கள். ஸ்காட்லாந்து அரியணைக்குப் பலரும் உரிமை கோரியபோது, நடுவராக அழைக்கப்பட்ட இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்ட் 1292 நவம்பர் 17 அன்று இங்கேதான் ஜான் பேலியலுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னார். பஞ்சாயத்துப் பேச வந்தவர் நான்கு ஆண்டுகள் கழித்துப் படையோடு வந்தார். அப்போது பெரிக் ஸ்காட்லாந்தின் செல்வத் துறைமுகம். கம்பளி ஏற்றுமதியில் கொழித்த ஊர். ஆயிரக்கணக்கானோரை வெட்டிச் சாய்த்தார்கள். ஃபிளாண்டர்ஸ் வணிகர்கள் கடைசிவரை எதிர்த்து நின்ற சிவப்பு மாளிகைக்குத் தீ வைத்தார்கள். ராபர்ட் புரூஸுக்கு ஸ்காட்லாந்து மன்னராக முடிசூட்டிய குற்றத்துக்காக இசபெல்லா என்ற சீமாட்டியை 1306 முதல் இந்தக் கோட்டையில்தான் கூண்டில் அடைத்து வைத்திருந்தார்கள்.

பிறகு இரு நாடுகளும் ஊரை மாறி மாறிப் பிடித்தன. பதின்மூன்று முறை கைமாறியது என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. 1482-இல் இங்கிலாந்து வசம் வந்தது. அதற்குப் பின் மாறவில்லை.

நான் பார்க்க வந்த மதில் அதற்கும் பிந்தையது. 1558 ஜனவரியில் பிரான்ஸ் மண்ணில் இருந்த கடைசிப் பிடியான கலேயை இங்கிலாந்து இழந்தது. பிரெஞ்சுக்காரர்கள் ஸ்காட்லாந்து வழியாகவும் வருவார்கள் என்ற கிலி பிடித்துக்கொண்டது. அதே ஆண்டு சர் ரிச்சர்ட் லீயின் மேற்பார்வையில் வேலை ஆரம்பம். பீரங்கி வந்துவிட்ட காலம் அது. உயர்ந்து மெலிந்த பழைய மதில் நாலு குண்டுக்குத் தாங்காது. ஆகவே இத்தாலிய முறையில், உயரம் குறைத்து, கல்முகப்புக்குப் பின்னால் மண்ணைக் கொட்டி அகலமாக எழுப்பினார்கள். குண்டு வந்தால் மண்ணில் புதைந்து அடங்கிவிடும். அம்புமுனை போலக் கொத்தளங்கள் வெளியே துருத்துகின்றன. அவற்றின் விலாவில் ஒளித்துவைத்த பீரங்கிகள் மதிலோரமாகவே சுடும்; எதிரி ஒண்டிக்கொள்ள ஒரு மூலைகூட மிச்சமில்லை. பிராஸ் கொத்தளத்தின் மேல் நின்று பார்த்தபோதுதான் இந்தக் கணக்கு எனக்குப் புரிந்தது. வரைபடத்தில் பார்த்தால் வெறும் கோணல்கள்.

எலிசபெத் அரசியின் காலத்தில் இதைவிடச் செலவு பிடித்த கட்டுமானம் இல்லை என்கிறார்கள்: சுமார் 1,28,000 பவுண்டு. செலவைச் சுருக்கவோ என்னவோ, பழைய ஊரின் ஒரு பகுதியையும் கோட்டையையும் வெளியே விட்டுவிட்டுத்தான் புது மதில் வளைந்தது.

இத்தனைக்கும் எந்தப் படையும் இதைத் தாக்கவில்லை. 1560-லேயே எடின்பரோ உடன்படிக்கைப்படி பிரெஞ்சுப் படை ஸ்காட்லாந்தை விட்டுப் போயிற்று. 1603-இல் ஸ்காட்லாந்து மன்னர் ஆறாம் ஜேம்ஸ் இங்கிலாந்துக்கும் அரசராகி, தெற்கே போகும் வழியில் இந்த ஊருக்குள் விருந்தாளியாக வந்தார். மதிலுக்கு வேலை போயிற்று. வீண் செலவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அதுதான் உண்மை.

சண்டையை எல்லாம் வாங்கிக்கொண்ட கோட்டைக்கோ கதி வேறு. அதன் கற்களைப் பெயர்த்து 1650-களில் தேவாலயம் கட்டினார்கள். 1840-களில் ரயில் பாதைக்காக மிச்சத்தில் பெரும்பகுதியை இடித்தார்கள். அந்தப் பாதைக்காக ராபர்ட் ஸ்டீபன்சன் எழுப்பிய 28 வளைவுப் பாலத்தை 1850-இல் விக்டோரியா அரசி திறந்துவைத்தார். ஆற்றங்கரையில் கோட்டைச் சுவரின் சில துண்டுகள் நிற்கின்றன, அவ்வளவுதான்.

எல்லைச் சண்டை முடிந்தாலும் குழப்பம் தீரவில்லை. ஊர் இங்கிலாந்தில், ஊர்ப் பெயரைத் தாங்கிய பெரிக்‌ஷயர் ஸ்காட்லாந்தில். ஊரின் கால்பந்து அணியான பெரிக் ரேஞ்சர்ஸ் ஆடுவதும் ஸ்காட்லாந்துப் போட்டிகளில்தான்.

லண்டனுக்கும் எடின்பரோவுக்கும் நடுவே ரயிலில் போகிறவர்கள் பெரும்பாலும் பாலத்தைப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அரை நாள் ஒதுக்கி இறங்குங்கள். ஊரைச் சுற்றி இரண்டு கிலோமீட்டர் மதில்மேலேயே நடக்கலாம், கட்டணம் கிடையாது. பல இடங்களில் கைப்பிடி இல்லை, கீழே செங்குத்தான பள்ளம். பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்.