கடைசி பெஞ்சுக்கு ஒரு பதில்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது படியுங்கள்.

போன வாரம் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். அவள் மகளுக்குப் பள்ளியில் பேச்சுப் போட்டியாம். தலைப்பு, தமிழகம் தந்த குடியரசுத் தலைவர்கள். "சார், கலாம் பத்தி நாலு பக்கம் எழுதிட்டோம். ராதாகிருஷ்ணனுக்கு ஆசிரியர் தினத்தை வெச்சு ஒரு பக்கம் தேறிடுச்சு. ஆர்.வெங்கட்ராமன்தான் சார் ரெண்டு வரியைத் தாண்ட மாட்டேங்கறார்" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே உறுத்தலும். அவள் என்னிடம் படித்த காலத்தில் அவர்தான் குடியரசுத் தலைவர். தலைமை ஆசிரியர் அறையில் படம் தொங்கும். பெயரைக் கேட்டால் மொத்த வகுப்பும் ஒரே குரலில் கத்தும். அதற்கு மேல் நான் ஒரு வரியும் சொல்லிக்கொடுத்ததில்லை. அந்த ரெண்டு வரிக்கு நானும் ஒரு காரணம்.

பட்டுக்கோட்டைப் பக்கம் ராஜாமடம் அவர் ஊர். பிறந்தது 1910 டிசம்பர் 4. சென்னையில் பொருளாதாரமும் சட்டமும் படித்து வக்கீலானார். 1942 வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் இரண்டு வருடம் சிறை. யுத்தம் முடிந்ததும் மலேயா, சிங்கப்பூரில் ஜப்பானியருக்குத் துணைபோனதாகக் குற்றம் சாட்டப்பட்ட இந்தியர்களுக்காக வாதாட 1946-ல் அனுப்பப்பட்ட வழக்கறிஞர் குழுவில் இவரும் ஒருவர்.

நம் ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டியது இனிமேல்தான். இவர் தொழிலாளர் சட்டத்தில் கெட்டிக்காரர். 1949-ல் அதற்கென்றே ஒரு சட்ட இதழ் தொடங்கி நடத்தியவர். தோட்டத் தொழிலாளர், ரயில்வேக்காரர், பத்திரிகையாளர் சங்கங்களோடு துறைமுகத் தொழிலாளர்களுக்காகவும் வேலை செய்தவர். ராயபுரம், காசிமேடு பக்கத்தில் தாத்தாக்கள் ஹார்பரில் மூட்டை தூக்கிய குடும்பங்கள் இதைப் படிக்கும் உங்களில் எத்தனையோ உண்டு.

1957-ல் மக்களவைக்கு மறுபடி ஜெயித்தும் அந்தப் பதவியை ராஜினாமா செய்துவிட்டு காமராஜர் அமைச்சரவைக்கு வந்தார். டெல்லியை விட்டு ஊருக்கு வருகிறவர்களை இப்போது தேடித்தான் பார்க்க வேண்டும். 1967 வரை பத்து வருடம், காமராஜர், பக்தவத்சலம் இருவர் ஆட்சியிலும், தொழில், தொழிலாளர், மின்சாரம், போக்குவரத்து எல்லாம் இவர் கையில் இருந்தன. 1958-ல் கிண்டி தொழிற்பேட்டை, பிறகு அம்பத்தூர். காமராஜர் ஆட்சியில் ஆலைகள் வந்தன என்று பாடம் நடத்துகிறோம். அந்தக் கோப்புகளைத் தூக்கிக்கொண்டு டெல்லிக்கும் சென்னைக்கும் அலைந்தவர் பெயர் பாடத்தில் இல்லை.

ஒன்றைச் சரியாகச் சொல்லிவிட வேண்டும். திருவொற்றியூர் ஆலையெல்லாம் இவர் கொண்டுவந்தது என்று எழுதினால் அது பொய். விம்கோ தீப்பெட்டி ஆலை வெள்ளைக்காரன் காலத்தது. எண்ணூர் அசோக் லேலண்ட், புல்லட் செய்த என்ஃபீல்டு, ஒரு கொட்டகையில் பலூன் செய்ய ஆரம்பித்த எம்.ஆர்.எஃப். எல்லாம் அவருக்கு முன்பே வந்துவிட்டன. ஆனால் ஆலை வந்தால் போதுமா? கரண்ட் வேண்டும், ரோடு வேண்டும், அவர்களுக்கு உதிரி பாகம் செய்துகொடுக்க நூறு சின்னப் பட்டறை வேண்டும். அந்தப் பத்து வருடத்தில் அமைந்தது அதுதான். மணலி எண்ணெய் சுத்திகரிப்பு கம்பெனி 1965 கடைசியில் உருவானது. அது மத்திய அரசின் கூட்டு நிறுவனம். எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-ல் ஓட ஆரம்பித்தது. 450 மெகாவாட். 2017-ல் நிறுத்தும் வரைக்கும் நம் மாடியில் காயப்போட்ட வேட்டியில் எல்லாம் அதன் கையெழுத்து இருந்தது.

சோறும் அங்கிருந்துதான், சாம்பலும் அங்கிருந்துதான். ஆலைச் சங்கு ஊதினால் எந்தப் பையனுடைய அப்பா எந்த ஷிப்ட் முடிந்து வருகிறார் என்று எனக்கே தெரியும். கதவடைப்பு வந்தால் ஃபீஸ் கட்டாத பெயர்கள் பதிவேட்டில் கூடும். எண்ணூரில் கொசஸ்தலை ஆற்றில் வலை வீசுகிறவர்களைக் கேட்டால் அந்தக் கோப்புகளைப் பற்றி வேறு கதை சொல்வார்கள். அதையும் பேத்தியின் பேச்சில் சேர்க்கச் சொன்னேன். மாணவியின் மகள் எனக்குப் பேத்திதானே.

பின்னால் 1980-ல் மத்திய நிதியமைச்சர், 1982-ல் பாதுகாப்பு. கலாம் ஏவுகணைத் திட்டத்தைப் படிப்படியாகச் செய்யலாம் என்று கேட்டுப்போனபோது, எல்லாவற்றையும் சேர்த்தே தொடங்குங்கள் என்றவர் இவர். 388 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். கலாமுக்கு எழுதிய நாலு பக்கத்தில் இவருக்கும் பங்கு இருக்கிறது பாருங்கள்.

இனி, நான் இவ்வளவு எழுத வந்த காரணம்.

1991 ஜனவரி 30 அன்று கலைஞர் ஆட்சியைக் கலைத்தார்கள். மறுநாள் திருவொற்றியூர் தெருக்கள் எப்படி இருந்தன என்று பெரியவர்களுக்கு நினைவிருக்கும். ஏழாம் வகுப்பில் நுழைந்தேன். கடைசி பெஞ்சில் ஒரு பையன் எழுந்தான். "சார், பிரசிடெண்ட் நம்ம தமிழ்நாட்டுக்காரர்தானே? அப்புறம் ஏன் சார் நம்ம ஆட்சியைக் கலைச்சாரு?"

"உட்காருடா. பாடத்தை எடு" என்றேன். அரசு ஊழியன், அரசியல் பேசக்கூடாது, வெளியே தலைமை ஆசிரியர் நடந்துகொண்டிருக்கிறார். சாக்கு நிறைய இருந்தது. உண்மையான காரணம், எனக்குப் பதில் தெரியாது. அவன் உட்கார்ந்தான். அந்த வருடம் முழுக்க வேறு கேள்வி எதுவும் கேட்கவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு தேடிப் படித்ததைச் சொல்கிறேன். அரசமைப்புச் சட்டம் 356-ல், ஆளுநரின் அறிக்கை வந்தாலோ "வேறு வகையிலோ" என்ற பொருளில் ஒரு வார்த்தை இருக்கிறது. அன்றைய ஆளுநர் பர்னாலா அறிக்கை தர மறுத்துவிட்டார். சந்திரசேகர் அரசு, காங்கிரஸ் தயவில் நின்ற அரசு, விடுதலைப் புலிகள் நடமாட்டத்தையும் சட்டம் ஒழுங்கையும் காரணம் காட்டி அந்த "வேறு வகை"யைப் பிடித்துக்கொண்டது. ஆர்.வி. கையெழுத்துப் போட்டார். பர்னாலாவைப் பீகாருக்கு மாற்றினார்கள். அவர் பதவியை விட்டார்.

அமைச்சரவை சொன்னால் குடியரசுத் தலைவர் கையெழுத்திட்டே ஆக வேண்டும் என்பார்கள். பாதி உண்மை. ஒரு தடவை, மறுபடி யோசியுங்கள் என்று திருப்பி அனுப்பலாம். 1997-ல் உத்தரப் பிரதேச விஷயத்தில் கே.ஆர்.நாராயணன் அப்படித்தான் திருப்பி அனுப்பினார். மத்திய அரசு பின்வாங்கியது. ஆர்.வி.க்கு அந்த வழி தெரியாததல்ல. முறையில்லாமல் வந்த எம்.பி.க்கள் ஓய்வூதிய மசோதாவுக்கு ஒப்புதல் தர மறுத்த மனிதர் அவர். மூன்று பிரதமர்களைப் பதவியில் அமர்த்தி, யாருக்கும் பெரும்பான்மை இல்லாத காலத்தில் கப்பல் கவிழாமல் பார்த்தவர். குடியரசுத் தலைவர் பதவி எமர்ஜென்சி விளக்கு மாதிரி, கரண்ட் போனால் தானாக எரிய வேண்டும் என்பது அவர் கருத்து. மின்துறை அமைச்சராக இருந்தவருக்கு ஏற்ற உவமைதான். அந்த ஜனவரியில் எங்கள் தெருவில் கரண்ட் போயிருந்தது, விளக்கு எரியவில்லை. என் கணக்கு அது. உறவுகளில் சிலர் இதற்குச் சண்டைக்கு வருவீர்கள், வாருங்கள்.

இதற்காகக் கிண்டியையும் அம்பத்தூரையும் அழித்து எழுத எனக்கு மனம் வரவில்லை. அதற்காக இதை மறைக்கவும் முடியவில்லை. 2009 ஜனவரி 27-ல், 98 வயதில் டெல்லியில் அவர் காலமானார். மறுநாள் பள்ளியில் எழுந்து நின்று மௌனமாக இருந்தபோது எனக்கு அந்தப் பையன் முகம்தான் நினைவுக்கு வந்தது.

அவன் பெயரை இங்கே போடவில்லை. 90-91 செட் பிள்ளைகளுக்கு யாரென்று தெரிந்திருக்கும். அப்பா மூன்றாவது ஷிப்ட், வீடு தேரடி பக்கம். அவன் நம்பர் யாரிடமாவது இருந்தால் இதை அனுப்பி வையுங்கள். பதில் போதவில்லை என்றால் போன் பண்ணச் சொல்லுங்கள். இந்தத் தடவை உட்காரச் சொல்ல மாட்டேன்.