சிக்காகோவில் ஒரு புதுமைப் பாடசாலை

சிக்காகோ என்னும் பெயரைச் செவியுற்றதும் நம்மவர் உள்ளத்தில் முதலில் எழுவது சுவாமி விவேகானந்தரின் திருவுருவமே. 1893ஆம் ஆண்டு சர்வமத மகாசபையில் அவர் முழங்கிய நகரம் அது. 1897இல் அவர் திரும்பி வந்தபோது கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் நம் முன்னோர் அவரை எதிர்கொண்டழைத்த வரலாற்றை நாம் அறிவோம். அந்நகரின் வானளாவும் மாளிகைகளையும், கடலெனப் பரந்த மிச்சிகன் ஏரியையும் பற்றி எழுதினோர் பலர். ஆயின், அம்மாளிகைகளுக்கு மேற்கே, தொழிலாளர் வாழும் வட்டாரமொன்றிலே, கல்விச் செலவு என்னும் பழைய சிக்கலுக்குப் புதியதொரு விடை கண்ட பாடசாலை இருப்பதை அறிந்தோர் சிலரேயாவர்.

நகர மத்தியில், உயர்ந்த இரும்புத் தூண்களின்மீது ஓடும் மின்சார ரயிலில் ஏறினால், சிறிது நேரத்தில் பில்சன் என்னும் பகுதியை அடையலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே பொஹீமியாவிலிருந்து வந்து குடியேறிய செக் மக்கள், தம் நாட்டு நகரொன்றின் பெயரையே இவ்விடத்துக்கும் சூட்டினர். அவர்களுக்குப் பின் மெக்சிக்கோ நாட்டவர் வந்தனர். இன்று வீதியோரச் சுவர்களிலே அவர்களுடைய முன்னோரும், திருத்தொண்டரும், உழவரும் பெரும் வண்ண ஓவியங்களாகக் காட்சி தருகின்றனர். மெக்சிக்கக் கலைகளுக்கென அமைந்த நூதனசாலையைக் கட்டணமின்றிக் காணலாம். ஜேர்மானியர் கட்டிய செங்கற் கோவிலின் இரட்டைக் கோபுரங்கள் தொலைவிலிருந்தே தெரிகின்றன. இக்கோவிலுக்கு அணித்தாகவே ‘கிறிஸ்தோ றே’ உயர்தரப் பாடசாலை நிற்கின்றது. ‘கிறிஸ்து அரசர்’ என்பதே அந்த ஸ்பானியப் பெயரின் பொருள்.

இயேசு சபைக் குருமார் 1990ஆம் ஆண்டுகளின் முற்பகுதியில் இவ்வட்டாரத்து மக்களை அணுகி, அவர்களுக்கு வேண்டுவது யாதென வினவினர். தம் பிள்ளைகள் படிப்பை இடையில் நிறுத்தாது சர்வகலாசாலைவரை செல்ல வழிகாட்டும் பாடசாலையொன்றே வேண்டும் என்பது மக்களின் விடை. ஆங்கிலத்தோடு தாய்மொழியாகிய ஸ்பானியத்தையும் பேணும் பாடசாலையாக அதை அமைக்கத் திட்டமிட்டனர். பெரு நாட்டிலே 30 ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றிய ஜோன் ஃபோலி அடிகளார் இப்பொறுப்பை ஏற்றார்.

பணத்துக்கு எங்கே போவது? முற்காலத்திலே இக்கேள்வி இவ்வளவு கடினமாய் இருந்ததில்லை. கன்னியரும் துறவியரும் பெரும்பாலும் ஊதியம் கருதாது கற்பித்த காலம் அது. 1960ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் அமெரிக்கக் கத்தோலிக்கப் பாடசாலைகளில் 50 இலட்சத்துக்கு மேற்பட்ட மாணவர் பயின்றனர். இன்று அத்தொகை 20 இலட்சத்துக்கும் குறைவு. துறவியர் அருகினர்; சம்பளம் பெறும் ஆசிரியர் அவர்களிடத்தை நிரப்பினர்; கட்டணம் உயர்ந்தது; ஏழைகளின் பாடசாலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. இந்நிலையில், ஆலோசகர் றிச்சட் மறே என்பவர் ஒரு யோசனை கூறினார்: மாணவரே உழைத்துத் தம் கல்விச் செலவில் பெரும்பகுதியைத் தேடிக்கொண்டால் என்ன? 1996இல், பழைய பங்குப் பாடசாலைக் கட்டடமொன்றில் வகுப்புகள் தொடங்கின.

ஏற்பாடு எளியது. வங்கி, சட்டத்தரணிகளின் கந்தோர், வைத்தியசாலை முதலிய தாபனமொன்றில் ஓர் உத்தியோகத்தை நால்வர் பகிர்ந்துகொள்வர். ஒவ்வொருவரும் மாதத்தில் ஐந்து நாட்கள் கடமை செய்வர். எஞ்சிய நாட்களில் பாடம் கற்பர். தாபனம் வழங்கும் ஊதியம் பாடசாலைக்கே சேரும். குடும்பத்தின் சிறு கட்டணமும் நன்கொடையும் மீதியை நிரப்பும். வேலை தொடங்குமுன் கோடை விடுமுறையில், உடுப்பது எப்படி, தொலைபேசியில் உரையாடுவது எப்படி, கடிதக் கோவைகளை ஒழுங்குசெய்வது எப்படி என்றெல்லாம் பயிற்சி உண்டு. வேலைக்குச் செல்லும் நாட்களால் பாடம் குன்றாதிருக்கும்பொருட்டுப் பாடசாலை நேரத்தை நீட்டியுள்ளனர்.

இதனை வாசிக்கும் பெற்றோர் முகஞ்சுளித்தல் இயல்பே. பதினான்கு வயதுப் பிள்ளையை வேலைக்கு அனுப்புவது தகுமா? செல்வர் வீட்டுப் பிள்ளை நூலகத்தில் இருக்கும் வேளையில் ஏழையின் பிள்ளை கடிதம் அடுக்குவது நீதியாகுமா? கேள்வி வலியது. அந்நாட்டு மத்திய சட்டமும் 14, 15 வயதினர் பாடசாலை நேரத்தில் தொழில் செய்வதைப் பொதுவாகத் தடுக்கிறது. சர்வகலாசாலைக்கு ஆயத்தஞ்செய்யும் பாடசாலைகளின் இத்தகைய திட்டங்களுக்கு 2010இலே தனி விதி வகுத்தே இடமளித்தனர். வேலையின் தன்மை, நேரம், மேற்பார்வை யாவும் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. அக்கட்டுப்பாடு தளர்ந்தால் இத்திட்டம் வெறும் மலிவுக் கூலியாய்ச் சிறுத்துவிடும் என்பதில் ஐயமில்லை.

எனினும், பண முடையால் பிறந்த இவ்வேற்பாடு எதிர்பாராத நன்மையொன்றையும் தந்தது. தந்தை தொழிற்சாலையில் உழைப்பார். தாய் பிறர் அலுவலகத்தைத் துடைப்பாள். பிள்ளையோ அத்தகைய அலுவலகத்துக்குக் காலையிலே உத்தியோகத்தராய்ச் செல்கிறான். தொலைவிலிருந்து மட்டும் பார்த்த மாளிகையின் உள்ளே, கல்வி என்ன செய்யும் என்பதை நேரிற் காண்கிறான். கணிதமும் மொழியும் ஏன் வேண்டுமென அவனுக்கு எவரும் உபதேசிக்க வேண்டியதில்லை. தன் படிப்புக்குத் தானும் ஒரு பங்கு கொடுத்தேன் என்ற தன்மதிப்பும் அவனுக்கு உண்டாகிறது.

2001இல் ஒறிகன் மாநிலத்துப் போட்லண்ட் நகரில் இம்முறையைப் பின்பற்றி இரண்டாவது பாடசாலை தோன்றியது. இன்று அமெரிக்காவெங்கும் ஏறத்தாழ 40 பாடசாலைகள் இவ்வழியில் நடைபெறுகின்றன. குறைந்த வருமானமுடைய குடும்பத்துப் பிள்ளைகளுக்கே இடம் என்பது அவற்றின் நியதி. பிற சமயத்தவரும் அங்கே பயிலலாம்.

இயேசு சபையார் நமக்குப் புதியவரல்லர். மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியில் அச்சபையின் அமெரிக்கக் குருமார் ஆற்றிய தொண்டையும், வெபர் அடிகளார் பெயரால் அங்கே விளங்கும் விளையாட்டரங்கையும் கிழக்கிலங்கை மக்கள் மறவார். நம் நாட்டிலோ 1945 முதல் இலவசக் கல்வி நிலைபெற்றுள்ளது. பில்சனில் ஒரு சிறுவன் ஐந்து நாள் உழைத்துப் பெறுவதை நம் பிள்ளை உழையாமலே பெறுகிறான். அவ்வுரிமை பெரிது, அதனை எக்காரணங்கொண்டும் விட்டுக்கொடுத்தல் ஆகாது. ஆயினும், பாடசாலையை விட்டு வெளியேறும் நாள்வரை ஓர் அலுவலகத்தின், ஒரு பட்டறையின், ஒரு மருந்துச்சாலையின் உட்புறத்தைக் காணாத மாணவர் நம்மிடையே எத்தனை பேர்! ஆண்டில் சில நாட்களேனும் அவர்களை அங்கெல்லாம் அழைத்துச் செல்லப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. ஆசிரியரும் பெற்றோரும் மனங்கொண்டாற் போதும்.