ராசி கெட்ட ரம்பம்

"பெரியப்பா, பரணில் கிடக்கும் அந்த மெஷினைக் கொடுங்கள். பழுது பார்த்து நான் ஓட்டுகிறேன்" என்றான் அந்த இளைஞன்.

வாசலில் நிற்பவன் யார் என்பது எனக்குத் தெரியும். எதைக் கேட்கிறான் என்பதும் தெரியும். தெரிந்திருந்தும் திடுக்கிட்டேன்.

"அதுவா தம்பி? அது ராசி கெட்டது. உன் அப்பாவுக்கு நேர்ந்ததை மறந்துவிட்டாயா?"

"ராசியைப் பார்த்து நான் பயப்படவில்லை, பெரியப்பா. வீட்டு அடுப்பைப் பார்த்துத்தான் பயப்படுகிறேன்."

வாயடைத்துப் போனேன். ராசி! எவ்வளவு எளிய சொல்! எத்தனை பிழைகளை மூடி மறைக்கும் போர்வை! ஏழாண்டுகளாக நான் போர்த்திக்கொண்டிருந்த போர்வை அது. அது விலகிய கதையைத்தான், தோழர்களே, இங்கே எழுதுகிறேன்.

வீராணம் ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் லால்பேட்டை, கொடிக்கால்களுக்குப் பெயர் பெற்ற ஊர். வெற்றிலைக் கொடி பற்றிப் படர அகத்தியை வளர்ப்போம். கழிக்க அரிவாள் உண்டு, பிளக்கக் கோடரி உண்டு, பருத்த மரமானால் இருவர் எதிரெதிராக நின்று இழுக்கும் ரம்பம் உண்டு. அவற்றோடு எங்கள் பிழைப்பு நடந்தது.

2011 டிசம்பர் 30 அன்று, கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே 'தானே' புயல் கரையேறிற்று. பண்ருட்டிப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. பாட்டன் நட்டது, பேரன் கண்ணெதிரே ஒரே காலையில் விறகாயிற்று! விழுந்ததை அறுத்து அகற்ற ஆள் போதவில்லை. அப்போதுதான், யாரோ ஓட்டிக் கழித்த பழைய சங்கிலி ரம்பம் ஒன்றை விலைக்கு வாங்கினேன். அதை ஓட்டக் கற்றவர் இந்த இளைஞனின் தந்தை. முதல் என்னுடையது, முதுகு அவருடையது.

2018 நவம்பர் 16 அன்று 'கஜா' புயல் வேதாரண்யத்தருகே கரையேறித் தென்னந்தோப்புகளைத் தரையில் கிடத்திற்று. அங்கும் சென்றோம். மூன்றாம் நாள், கண் இமைப்பதற்குள் மெஷின் துள்ளிற்று; சுழலும் சங்கிலி அவருடைய இடது தோளைக் கிழித்தது. உயிர் பிழைத்தார். ஆனால் அந்தக் கை இன்றுவரை தலைக்குமேல் உயர்வதில்லை.

"இரத்தம் பார்த்த மெஷின்" என்றார்கள். "ராசியில்லை" என்றார்கள். நானும் தலையசைத்தேன். சாக்கில் சுற்றிப் பரணில் ஏற்றினேன்.

இளைஞன் கேட்டபின், இறக்கினேன். சாக்கை அவிழ்த்ததும் முதலில் என் கண்ணில் பட்டது, முன்கைப்பிடியருகே சுற்றியிருந்த ஒரு துண்டுக் கம்பி. கண்டும் காணாதவன்போல் வேறு பக்கம் திரும்பினேன்.

"இது என்ன கம்பி, பெரியப்பா?"

"பிறகு சொல்கிறேன். முதலில் உயிர் இருக்கிறதா என்று பார்ப்போம்."

புகைக்குழாயில் குளவி மண்கூடு கட்டியிருந்தது. துகள் உள்ளே விழாதபடி அதைப் பெயர்த்தெடுத்தோம். பிளக்கைக் கழற்றி, சிலிண்டருக்குள் சில சொட்டு எண்ணெய் விட்டு, கயிற்றை மெல்ல இழுத்தான் இளைஞன். பிஸ்டன் அசைந்தது! புகைவழியே விளக்கடித்துப் பார்த்தோம். பிஸ்டனின் பக்கத்தில் கீறல் இல்லை. பாதி வெற்றி அதிலேயே கிடைத்தது. கம்பிச்சுருளுக்கு எதிரே சுழலும் சக்கரத்தின் காந்த முகத்தில் படிந்த துருவை உப்புத்தாளால் தேய்த்தோம். மங்கலாக இருந்த தீப்பொறி நீலநிறத்தில் பளிச்சிட்டது.

அடுத்து, எரிபொருள். ஏழாண்டுகளுக்கு முன் விட்ட பெட்ரோல், கார்புரேட்டருக்குள் பிசினாக உறைந்திருந்தது. மெல்லிய சவ்வு, சருகுபோல் விறைத்திருந்தது. ரப்பர்க் குழாய் தொட்டதும் பிளந்தது. சவ்வும் குழாயும் சிதம்பரத்தில் வாங்கினோம். இன்றைய பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலந்திருக்கிறது. அது ஈரத்தை ஈர்க்கும், பழைய ரப்பரை அரிக்கும். ஆகவே, வேலை முடிந்தால் தொட்டியை வடித்துவிட வேண்டும் என்று இளைஞனுக்குச் சொன்னேன். இந்த எஞ்சினுக்குத் தனியாக எண்ணெய் அறை இல்லை. பெட்ரோலோடு கலந்து ஊற்றும் எண்ணெய்தான் பிஸ்டனுக்கு உயிர். லிட்டருக்கு 20 மில்லி. அதை மறந்தால், ஒரே நாளில் எஞ்சின் இறுகிப்போகும்.

பிறகு, சங்கிலி. வலப்பல் ஒன்று, இடப்பல் ஒன்று என மாறி மாறி அமைந்தது அது. வட்ட அரத்தால் ஒவ்வொரு பல்லையும் ஒரே எண்ணிக்கையில் தீட்ட வேண்டும். ஒருபுறம் கூடினால் அறுப்பு கோணும். பல்லுக்கு முன்னே நிற்கும் சிறு மேடு, எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்று கட்டளையிடும் காவலன். 0.65 மில்லிமீட்டர் அளவே அது தாழ்ந்திருக்கலாம். பேராசைப்பட்டு அதை மேலும் அராவினால், பல் மரத்தை வெறியோடு கடிக்கும்; மெஷின் துள்ளும்.

அரம் பிடித்த கை அசைய, எண்ணம் எங்கோ சென்றது. இந்தச் சங்கிலி முதலில் மரத்துக்காகப் பிறந்ததன்று, தோழர்களே! 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஸ்காட்லாந்து மருத்துவர்கள் ஜான் எய்ட்கன், ஜேம்ஸ் ஜெஃப்ரி ஆகியோர் எலும்பை அறுப்பதற்காகக் கையால் இழுக்கும் பற்சங்கிலியை உருவாக்கினர். பிள்ளை வெளிவராமல் தாய் துடிக்கையில், இடுப்பெலும்பின் இணைப்பை அறுத்து வழி செய்வது அதன் பயன்களில் ஒன்று. 1926-இல் ஜெர்மனியின் ஆண்ட்ரியாஸ் ஸ்டீல் மின்சாரத்தால் ஓடும் மரரம்பத்தைச் செய்தார். 1929-இல் பெட்ரோலுக்கு மாற்றினார். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் மரமறுத்த ஜோ காக்ஸ், 1940-களில் அடிமரத்தைக் குடையும் ஒரு வண்டுப்புழுவைக் கூர்ந்து நோக்கினார். இடமும் வலமுமாக அது கடித்து முன்னேறிய முறையைப் பல்லில் வடித்தார். நாங்கள் தீட்டிக்கொண்டிருந்தது அந்தப் புழு தந்த பாடம்!

தாயின் வேதனை, தொழிலாளியின் கவனம், புழுவின் பல். இத்தனையும் சேர்ந்து பிறந்த கருவிக்கு ராசி எங்கிருந்து வந்தது?

எல்லாம் முடிந்தது. கம்பி மட்டும் மிஞ்சியது. இனி ஒளிய இடமில்லை.

"தம்பி, முன்கைப்பிடிக்கு எதிரே நிற்கும் இந்தத் தடுப்புதான் பிரேக். சங்கிலி ஓடும் தகட்டின் மூக்கு நுனியில், மேற்பாதி மரத்தில் பட்டால் மெஷின் ஓட்டுபவனை நோக்கி எகிறும். அப்போது தடுப்பு முன்னே சாயும். உள்ளே எஃகுப் பட்டை உருளையை இறுக்கும். சங்கிலி நொடியினும் குறைந்த நேரத்தில் நிற்கும். 1970-களில்தான் இந்தப் பிரேக் பரவத் தொடங்கியது. எத்தனை தோள்கள் கிழிந்தபின் பிறந்த அறிவோ! அன்று இது அடிக்கடி தானாக விழுந்து வேலையைத் தடுத்தது. மூடியைக் கழற்றித் துடைக்க அரைமணி நேரம் ஆகும். அந்த அரைமணியை மிச்சப்படுத்த, தடுப்பை அசையாமல் கம்பியால் கட்டியவன் நான்."

இளைஞன் பேசவில்லை. மூடியைக் கழற்றினான். உள்ளே மரத்தூளும் எண்ணெயும் குழைந்து கல்லாக இறுகியிருந்தன. அவனே சுரண்டினான்.

அன்று மாலை அவன் தந்தையிடம் சென்று அனைத்தையும் கூறினேன். நெடுநேரம் என்னைப் பார்த்தார்.

"கம்பி கட்டியது எனக்கும் தெரியும், அண்ணே. கூலி நாள் குறைந்துவிடுமே என்று நானும் வாய்திறக்கவில்லை. நடந்தது நடந்துவிட்டது. என் பிள்ளைக்கு மட்டும் கட்டிவிடாதீர்கள்."

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று கேட்கும் உரிமையும் எனக்கில்லை.

மறுநாள் கொல்லையில் சோதனை. மூன்றாம் இழுப்பில் இருமிற்று; ஐந்தாம் இழுப்பில் முழங்கிற்று. சங்கிலி சீறிச் சுழல, இளைஞன் தடுப்பை மணிக்கட்டால் முன்னே தள்ளினான். நின்றது! பத்து முறை செய்யச் சொன்னேன். பத்து முறையும் நின்றது. தலைக்கவசம், முகமூடி, கையுறை, கனத்த காலணி ஆகியவற்றையும் வாங்கிச் சேர்த்த பின்னரே மெஷினை அவன் கையில் கொடுத்தேன்.

பத்தாம் நூற்றாண்டில் சோழர் வெட்டிய வீராணம் இன்றும் நீர் தாங்குகிறது. கரையை அடைத்தும் மதகைச் செப்பனிட்டும் தலைமுறைகள் காத்ததால் நிற்கிறது. நல்ல நாளில் வெட்டியதால் அன்று. ஏரிக்கு உள்ள நியாயம்தான் எந்திரத்துக்கும். பேணினால் உழைக்கும், புறக்கணித்தால் பழிவாங்கும். இதில் ராசிக்கு என்ன வேலை?

அந்தக் கம்பித் துண்டை நான் எறியவில்லை. பட்டறைச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருக்கிறேன். யாரேனும் ராசி என்று பேச்செடுத்தால், அதைச் சுட்டிக் காட்டுகிறேன்.