பாட்டி பெயரும் பேத்தி பெயரும்

குழந்தைக்குப் பெயர் சூட்டுவது ஒரு காலத்தில் நம்மவர் வீடுகளில் யோசனைக்கு இடமில்லாத காரியமாக இருந்தது. முதல் ஆண்மகவுக்குத் தந்தையைப் பெற்றவர் பெயர். அடுத்ததற்குத் தாயைப் பெற்றவர் பெயர். பெண்ணாயின் பாட்டிமார் பெயர் முறையே வந்து சேரும். 'பெயரன்' என்ற சொல்லே 'பேரன்' என்று வழங்குகிறது. பாட்டனார் பெயரைத் தாங்கி நிற்பவன் என்பது அதன் பொருள். பெயர் வைப்பதற்கு முன்பே உறவின் பெயரில் அந்த உரிமை எழுதப்பட்டிருந்தது என்று சொல்லலாம்.

இதில் ஓர் இடர்ப்பாடும் இருந்தது. மாமனார் மாமியார் பெயரை மருமகள் வாய்விட்டுச் சொல்லலாகாது. பெற்ற பிள்ளையை அழைப்பதெப்படி? குறும்பு செய்தால் கண்டிப்பதெப்படி? ஆகவே ராஜா, தம்பி, கண்ணு என்று வேறொரு பெயர் வீட்டில் வழங்கும். பள்ளியில் சேர்க்கும் நாள் வரையில் தன் உண்மைப் பெயரைக் கேட்டறியாத பிள்ளைகள் எத்தனையோ பேர்! கல்கத்தாவில் வாழ்ந்து பழகிய அன்பர்களுக்கு இது புதுமையன்று. வங்காளியர் வீட்டில் அழைக்க 'டாக் நாம்', ஊரறியச் சொல்ல 'பாலோ நாம்' என்று ஒவ்வொருவருக்கும் இரண்டு பெயர் வைத்துக்கொள்கிறார்கள்.

பழம்பெயர்களுள் அச்சத்தால் பிறந்தவை ஒரு வகை. பெற்ற குழந்தைகள் அடுத்தடுத்து இறந்த வீட்டில், அடுத்து வந்த குழந்தையைக் குப்பையில் கிடத்தி எடுத்துக் குப்பன் என்றும் குப்பம்மாள் என்றும் அழைத்தார்கள். மடிப்பிச்சை ஏந்திப் பிச்சை என்றும் பிச்சையம்மாள் என்றும் வைத்தார்கள். அண்டை வீட்டாருக்குத் தவிட்டுக்கு விற்றுத் திரும்ப வாங்கியதும் உண்டு. இது மதிப்பற்ற பொருள், இதை எடுத்துச் செல்லாதே என்று காலனை ஏமாற்றும் தந்திரம் அது. மராட்டியத்தில் கச்ரு என்றால் குப்பை, தகடூ என்றால் கல்; இரண்டும் மனிதர் பெயர்களே. வங்கத்தில் 'தீன்கொடி' என்று ஒரு பெயர் உண்டு; மூன்று சோழிக்கு வாங்கியது என்று பொருள். மொழி வேறாயினும் தாய்மாரின் அச்சம் ஒன்றாகவே இருந்திருக்கிறது.

அந்த அச்சம் நீங்கியதும் அப்பெயர்களும் நீங்கின. நம் நாட்டில் 1971-ல் உயிருடன் பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் 129 குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன் மாண்டன. 2020-ல் அந்த எண் 28 ஆகக் குறைந்தது. இதில் நாகரிகத்தைக் காட்டிலும் தடுப்பூசிக்கும் மருத்துவமனைப் பேற்றுக்குமே பங்கு அதிகம் என்பது எங்கள் கருத்து. குப்பனும் பிச்சையும் மீண்டு வரவில்லையே என்று எவரும் வருந்த வேண்டுவதில்லை. போதும்பொண்ணு, வேண்டாம் என்று பெண் மகவை வரவேற்ற பெயர்களைப் பற்றியும் இதையே சொல்வோம். அவை போனவை போனவையாகவே இருக்கட்டும்.

நிற்க. பிற பெயர்கள் ஏன் போயின? 1916-ல் வேதாசலம் என்ற பெருமகனார் மறைமலையடிகளானார். பின்னர் நாராயணசாமி நெடுஞ்செழியனானார், இராமையா அன்பழகனானார். பெற்றோர் இட்ட பெயரையே மாற்றிக்கொள்ளும் துணிவு தலைவர்களிடம் தோன்றவே, தொண்டர்கள் தம் பிள்ளைகளுக்குத் தமிழ்ச்செல்வி, செந்தாமரை, இளங்கோ என்று பெயரிட்டார்கள். 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் 'பொன்னியின் செல்வன்' தொடர்ந்து வெளிவந்தது. வானதியும் நந்தினியும் வீடுகளில் நடமாடத் தொடங்கினார்கள். அதற்கடுத்த தலைமுறையில் ரமேஷும் சுரேஷும் ராஜேஷும் வந்து வகுப்பறைகளை நிறைத்தார்கள். ஒரே வரிசையில் மூன்று சுரேஷ்கள் அமர்ந்து, ஆசிரியர் தந்தையின் தலைப்பெழுத்தைச் சொல்லிப் பிரித்தறிந்த காலத்தை நம்முள் பலர் மறந்திருக்க மாட்டோம். பிறகு ஷ, ஹ, ஸ இல்லாத பெயர் பெயரே அன்று என்றாயிற்று.

இப்போது காற்று திரும்பியிருக்கிறது. ஆதன், பாரி, கபிலன், இனியன், யாழினி, ஆதிரை என்று குழந்தைகளை அழைக்கும் குரல்கள் நம் சங்க விழாக்களிலேயே கேட்கின்றன. கீழடியில் தோண்டியெடுத்த பானையோட்டில் ஆதன் என்ற பெயர் கீறப்பட்டிருக்கிறது. ஈராயிரம் ஆண்டு மண்ணுள் கிடந்த அப்பெயரை இன்று ஒரு சிறுவன் தன் தண்ணீர்ப் புட்டியின் மேல் எழுதிவைத்துக்கொள்கிறான். மணிமேகலையின் அமுதசுரபியில் முதற் பிச்சை இட்டவள் ஆதிரை. அந்தப் பெயரைத் தாங்கிய சிறுமி மாதுங்காவில் மாம்பழம் வாங்க அடம்பிடிக்கிறாள். கேட்கக் கேட்க மகிழ்ச்சியே.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இதில் தனித் தொல்லையும் உண்டு. ழகரத்தை ஆங்கிலத்தில் எழுதும் முறையைக் கண்டு வடவர் அதை ஜகரமாக ஒலிக்கிறார்கள். கயல்விழி 'கயல்விஜி' ஆகிறாள். யாழினி 'யாஜினி' ஆகிறாள். தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னால் இடும் நம் வழக்கமும் இங்கே படிவங்களில் செல்லாது. குடும்பப் பெயர் எங்கே என்று கேட்கிறார்கள். இல்லாத குடும்பப் பெயருக்காகத் தாத்தாவின் பெயரையோ ஊரின் பெயரையோ கட்டத்தில் இட்டு நிரப்பியவர்கள் நம்முள் எத்தனை பேர்!

ஆயினும் எங்கள் மனத்தை உறுத்துவது வேறொன்று. மீண்டு வருபவை யாவும் வேந்தர் பெயர்கள், புலவர் பெயர்கள், காப்பியத் தலைவியர் பெயர்கள். ஈராயிரம் ஆண்டுக்கு அப்பாலுள்ள பெயரைத் தேடிப் போகிறவர்கள், அடுத்த அறையில் அமர்ந்து வெற்றிலை இடிக்கும் பாட்டியின் பெயரைத் தாண்டியே போகிறார்கள். பேச்சியம்மாள், காத்தாயி, மாடத்தி, முனியம்மாள் இவற்றைத் தேடுவாரைக் காணோம். இவையும் தமிழே. ஆனால் பட்டிக்காட்டுப் பெயர் என்றும், இன்ன சாதியார் என்று காட்டிக்கொடுக்கும் பெயர் என்றும் கூசுகிறார்கள். அந்தக் கூச்சத்தை எளிதில் பழிக்கவும் இயலாது. பெயரைக் கேட்ட மாத்திரத்தில் பெஞ்சியின் கடைசியில் உட்காரவைக்கப்பட்டவர்களின் பிள்ளைகள், அந்தப் பெயரை மீண்டும் சுமக்கத் தயங்குவது நியாயமே.

எங்கள் தாயாரின் பெயர் பேச்சியம்மாள். தென்பாண்டிச் சீமையில் பிள்ளைகளைக் காப்பவள் என்று கும்பிடப்படும் பேச்சியம்மனின் பெயர். 1958-ல் திருநெல்வேலியிலிருந்து ரயிலேறி இந்நகருக்கு வந்து, நான்கு மொழியினர் ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கும் சால் வீட்டில் குடியேறினார்கள். அண்டை வீட்டுப் பெண்கள் இரண்டு நாள் அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் 'லட்சுமிபாய்' என்று வைத்துவிட்டார்கள். நாற்பது ஆண்டுகள் அம்மா அந்தப் பெயருக்கே திரும்பிப் பார்த்தார்கள். தந்தையார் பழைய வழக்கப்படி மனைவியைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. ஆகவே இந்நகரில் அம்மாவின் பெயரைச் சொல்லி அழைத்தவர்கள், கோடை விடுமுறையில் வந்துபோன தாய்மாமன்மார் மட்டுமே. அவர்களும் இன்றில்லை. ரேஷன் அட்டையில் அந்தப் பெயர் இருக்கிறது, எழுத்துப் பிழையுடன்.

ஐந்து மாதத்துக்கு முன் எங்கள் மகனுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அவன் ஆதிரை என்கிறான். மருமகளோ பூனாவில் பிறந்து வளர்ந்த பெண். கூட்டிக் கூட்டித் தமிழ் படிப்பவள். அவள்தான் பேச்சி என்று வைத்தாலென்ன என்று முதலில் கேட்டாள். பேசுகிறவள் என்று பொருள் கொண்டால் எவ்வளவு நன்றாக இருக்கிறது, ழகரத் தொல்லையும் இல்லை என்பது அவள் வாதம். பள்ளியில் சிரிப்பார்கள் என்று மகன் தயங்குகிறான். மருமகள் மாமியாரின் மாமியார் பெயரை வாய்க்கு வாய் சொல்லி அதட்டப்போகிறாளே என்று உறவினர் சிலர் முகம் சுளிக்கிறார்கள். எங்கள் வாக்கு மருமகள் பக்கமே.

பெயர் குறிக்காமலே பிறப்பைப் பதிந்துகொள்ளச் சட்டம் இடம் தருகிறது. பன்னிரண்டு மாதத்துக்குள் பெயரைச் சேர்த்தால் கட்டணமும் இல்லை. சான்றிதழில் அந்த இடம் வெறுமையாக இருக்கிறது. இன்னும் ஏழு மாதம் உண்டு. அம்மாவிடம் கேட்டோம். உங்கள் விருப்பம் என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மடித்தார்கள். சற்றுப் பொறுத்து, "வைக்கிறதானால் அம்மாளை விட்டுவிடுங்கள். சின்னப் பிள்ளைக்குப் பேச்சி போதும்" என்றார்கள்.