மல்லி, போனை உள்ள வை!

ரொம்ப நாள் கழிச்சு ஒரு ஊர்சுற்றல் பதிவு. இலங்கையில இருக்குற சிங்கராஜா காட்டுக்குப் போய்ட்டு வந்தேன் மக்களே. சென்னையிலேர்ந்து கொழும்பு ஒண்ணரை மணி நேரம்தான். அங்கேர்ந்து கலவானை வழியா குடவா போய்ச் சேர்றதுக்குள்ள இடுப்பு கழண்டுடுச்சு. எல்லாம் எதுக்கு? ஒரு சாண் கூட இல்லாத ஒரு ஆந்தையைப் பாக்க! "நம்ம தெரு முருங்கை மரத்துல இல்லாத ஆந்தையா?"ன்னு வீட்டம்மா கேட்டாங்க. நியாயமான கேள்விதான் :-)

ஆனா இந்த ஆந்தையோட கதை அப்படி. 1995-ல் தீபால் வரகாகொட கித்துல்கல காட்டுல ராத்திரி ஒரு குரலைக் கேட்டார். மெல்லிசா ஒரே ஒரு 'ஹூ'. அரை நிமிஷம் கழிச்சு இன்னொரு 'ஹூ'. அவருக்குத் தெரிஞ்ச எந்தப் பறவையோட குரலும் இல்லை அது. மனுஷன் விடலை. ஆறு வருஷம் கழிச்சு, 2001 ஜனவரியில, சிங்கராஜாவுல பறவையைக் கண்ணால பாத்துட்டார். 2004-ல் புது இனம்னு முறைப்படி அறிவிச்சாங்க. 1868-க்கு அப்புறம் இலங்கையில கண்டுபிடிச்ச முதல் புதுப் பறவை. பேரு செரண்டிப் ஆந்தை. அறிவியல் பெயரை திலோ ஹாஃப்மனை கௌரவிச்சு வெச்சிருக்காங்க. 1970-கள்ல பிளைவுட்டுக்காக சிங்கராஜாவை மெஷின் வெச்சு வெட்ட ஆரம்பிச்சப்போ எதிர்த்து நின்னவர் அவர். 1977-ல் வெட்டுறது நின்னுச்சு. காடு இருந்ததாலதானே ஆந்தை கிடைச்சுது?

சரி, நம்ம கதைக்கு வர்றேன். வழிகாட்டியா வந்தவருக்கு ஐம்பது வயசு இருக்கும். என்னை "மல்லி, மல்லி"ன்னு கூப்பிட்டார். நான் பூவா, கொத்தமல்லியான்னு முழிச்சேன். சிங்களத்துல தம்பின்னு அர்த்தமாம். நான் மரியாதைக்கு "அய்யா"ன்னேன். அவங்க பாஷையில அது அண்ணன். ஆக கணக்கு நேராயிடுச்சு.

முதல் நாள் மழை, அட்டை, மறுபடி மழை. ரெண்டாம் நாள் சாயங்காலமும் ஒண்ணும் இல்லை. மறுநாள் கிளம்பணும். எனக்குப் பொறுமை போச்சு. இப்பதான் எல்லாப் பறவை சத்தமும் போன்லயே கிடைக்குதே, ஆந்தைக் குரலை ஓடவிட்டா வந்துடும்னு போனை எடுத்தேன். அய்யா மணிக்கட்டைப் பிடிச்சுட்டார்.

"மல்லி, போனை உள்ள வை."

தெரிஞ்ச கொஞ்சம் தமிழ்லயும் மீதி இங்கிலீஷ்லயும் சொன்னார்: "போட்டா அது வரும். வேற ஆந்தை தன் இடத்துக்கு வந்துடுச்சுன்னு சண்டைக்கு வரும். இது பூச்சி பிடிக்கிற நேரம். நீ நாளைக்குப் போயிடுவே. நாளைக்கு இன்னொரு மல்லி போனோட வருவான்."

இவ்வளவு செலவு பண்ணி வந்திருக்கேனேன்னு உள்ளுக்குள்ள கோவம். பத்து நிமிஷம் பேசவே இல்லை. அப்புறம்தான் உறைச்சுது. வெறும் காதை வெச்சுக்கிட்டு ஒருத்தர் ஆறு வருஷம் தேடியிருக்கார். எனக்கு ரெண்டு நாள் தாங்கலை.

மழை விட்டு, இலையிலேர்ந்து தண்ணி சொட்டுற சத்தம் மட்டும். நல்லா இருட்டிடுச்சு. எங்கேயோ ஒரு 'ஹூ'. அய்யா என் தோளைத் தொட்டார். மூச்சைப் பிடிச்சுக்கிட்டு எண்ணினேன். முப்பத்தி நாலு எண்ணினப்போ அடுத்த 'ஹூ'. அன்னைக்குக் கண்ணுல படலை. ஆனா ரூமுக்குத் திரும்பி ரொம்ப நேரம் தூக்கமே வரலை.

காலையில விடியறதுக்கு முன்னாடியே அவர் தனியாப் போய்த் தேடிட்டு வந்து என்னைக் கூட்டிட்டுப் போனார். இடுப்பு உயரப் புதருக்குள்ள, செம்பழுப்பு நிறத்துல ரெண்டு பேர் ஒட்டி உக்காந்திருந்தாங்க. காதுக் கொம்பு கிடையாது. ஒண்ணு பாதிக் கண்ணைத் திறந்து பாத்துட்டு மூடிக்கிச்சு. ரெண்டே நிமிஷம். "போதும் மல்லி"ன்னார். வந்துட்டேன்.

எந்தப் புதர்னு யாரும் கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். போறவங்க அந்தக் குரலை மட்டும் போன்ல ஓடவிடாதீங்க, ப்ளீஸ்.

பி.கு: படத்தை வீட்டம்மாகிட்ட காட்டினேன். "காஞ்ச இலையை எதுக்குப் படம் எடுத்தீங்க?"ன்னு கேட்டாங்க :-(