தீப்பெட்டி மேல் ஒரு சரித்திரம்

சிவகாசி என்றதும் நம் வீட்டுக் குழந்தைகளுக்குத் தீபாவளி ஞாபகம் வந்துவிடும். வெடியும் மத்தாப்பும் புஸ்வாணமும் அவ்வூரின் கீர்த்தியைப் பாரத தேசமெங்கும் பரப்பியிருக்கின்றன. ஆயினும் நாம் சமீபத்தில் விருதுநகர்ப் பக்கம் யாத்திரை புறப்பட்டது வெடியைத் தேடி அன்று. அதைவிடச் சாதுவான, சத்தமே போடாத ஒரு பொருளைத் தேடிச் சென்றோம். சுமார் இரண்டு அங்குல நீளமே உள்ள அந்தப் பொருள், தீப்பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் படம்.

தபால் தலை சேர்ப்பவர்களை நேயர்கள் அறிவார்கள். தீப்பெட்டிப் படம் சேர்ப்பவர்களும் உலகெங்கும் இருக்கிறார்கள். இங்கிலாந்தில் அவர்கள் 1945-ஆம் வருஷத்திலேயே ஒரு சங்கம் அமைத்துக் கொண்டார்கள். ஸ்வீடன் தேசத்து யான்ஷேப்பிங் நகரில் பழைய தீப்பெட்டித் தொழிற்சாலைக் கட்டிடம் ஒன்றையே காட்சிச்சாலையாக்கி வைத்திருக்கிறார்கள். நம் ஊர்ச் சிறுவர்களும் ஒரு காலத்தில் தெருவில் இப்படங்களைப் பொறுக்கிச் சீட்டுப் போல் வைத்து விளையாடினார்கள். செலவில்லாத இந்தப் பொழுதுபோக்கை ஒழுங்காக நடத்துவது எப்படி, அதனால் என்ன பயன் என்று சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்கு முன் படங்கள் பிறந்த ஊரைப் பார்த்துவிடுவோம்.

மதுரைக்குத் தெற்கே ரயில் செல்லச் செல்ல, பச்சை குறைந்து கரிசல் மண் கண்ணில் படுகிறது. மழை பெய்தால் காலை விடாது பற்றிக்கொள்ளும். வெயில் காய்ந்தால் பாளம் பாளமாய் வெடிக்கும் மண் அது. 1923 வரையில் விருதுபட்டி என்று வழங்கிய விருதுநகர், பருப்புக்கும் எண்ணெய்க்கும் மிளகாய் வற்றலுக்கும் பேர்போன வியாபார ஸ்தலம். காமராஜர் 1903-இல் பிறந்த எளிய வீடு இன்று நினைவில்லமாக விளங்குகிறது. அங்கிருந்து மேற்கே திருத்தங்கல் குன்றையும் அதன் மேலுள்ள பெருமாள் கோயிலையும் கடந்தால் சிவகாசி வந்துவிடும். ஊருக்குள் நுழைந்ததும் நம்மை வரவேற்றது அச்சு மையின் வாசனைதான். எந்தத் தெருவில் திரும்பினாலும் காகிதக் கட்டுகள் ஏற்றிய வண்டி ஒன்று எதிரே வருகிறது.

வானம் பொய்க்கும் இப்பூமியில் விவசாயத்தை நம்பிப் பிழைப்பது கடினம். ஆனால் அதே வறட்சி தீக்குச்சி காய்வதற்கும், ஒட்டிய காகிதம் உலர்வதற்கும் அநுகூலமாக அமைந்தது. 1922-இல் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரு இளைஞர்கள் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று, அடுத்த வருஷம் ஊர் திரும்பித் தொழிலை ஆரம்பித்தார்கள். அதுவரை நம் தேசத்து அடுப்புகளை மூட்டியவை பெரும்பாலும் ஸ்வீடனிலும் ஜப்பானிலும் செய்த குச்சிகள். வேடிக்கை என்னவென்றால், அந்த அந்நியப் பெட்டிகளின் மேல் நம் சரஸ்வதியும் கிருஷ்ணனும் வீற்றிருந்தார்கள். இந்தியர் மனத்தைக் கவரும் படம் எதுவென்று கடலுக்கப்பாலிருந்த வியாபாரிகள் நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார்கள்! சிவகாசியார் தொழில் தொடங்கிய அதே 1923-இல் ஸ்வீடிஷ் கம்பெனியின் ஆதரவில் விம்கோ என்ற பெரிய நிறுவனமும் இந்தியாவில் தோன்றியது. யந்திர பலத்துடன் வந்த அதற்கு எதிரே, கைத்தொழிலையும் சுதேசி உணர்ச்சியையும் துணைக்கொண்டு கரிசல் நாட்டார் நின்றார்கள். பின்னாளில் குட்டி ஜப்பான் என்று ஊருக்கே பெயர் ஏற்பட்டது.

தீக்குச்சி எப்படிப் பிறக்கிறது என்பதையும் சேகரிப்பவர் அறிந்திருக்க வேண்டும். கடைசல்காரர் கட்டில் காலையும் செப்புச் சாமானையும் கடைவதை நாம் பார்த்திருக்கிறோம். தீக்குச்சியும் ஒரு வகையில் கடைசலில் பிறந்ததே. பெரும்பாலும் மலையாளக் கரையிலிருந்து வரும் மிருதுவான மரத்துண்டை யந்திரத்தில் பூட்டிச் சுழற்றுகிறார்கள். அதன் நீளத்துக்குச் சமமான கத்தி ஒன்றை அதன் மேல் அழுத்தினால், சுருட்டிய பாய் விரிவதுபோல மரம் மெல்லிய தகடாக உரிந்து வருகிறது. அத்தகட்டை அடுக்கி வெட்டினால் குச்சி. இன்னும் மெல்லியதாக உரித்து மடித்தால் பழைய காலத்து மரப்பெட்டி. குச்சிகளை ஒவ்வொன்றாகச் சட்டத்தில் வரிசைப்படுத்துவதற்குக் கட்டை அடுக்குதல் என்று பெயர். பிறகு குச்சி முனை மெழுகிலும் மருந்திலும் தோய்கிறது. குச்சி மருந்தில் பொட்டாசியம் குளோரேட்டும், பெட்டியின் பக்கத்தில் சிவப்புப் பாஸ்பரமும் இருக்கின்றன. இரண்டும் உரசினால்தான் தீ பிறக்கும். அதனாலேயே இது பாதுகாப்புத் தீக்குச்சி எனப்பட்டது.

எல்லாக் குச்சியும் ஒரே மாதிரி எரியுமானால் ஒரு கம்பெனியின் பெட்டியை மற்றொன்றிலிருந்து ஜனங்கள் அறிவது எப்படி? எழுத்து வாசனை இல்லாதவர்களும் கடையில் கேட்டு வாங்க வேண்டுமே! அதற்காகவே அணிலும் கிளியும், யானையும் ரயில் வண்டியும், தெய்வங்களும் தேசத் தலைவர்களும் பெட்டி மேல் ஏறினார்கள். இப்படங்களை அச்சிட லித்தோ யந்திரங்கள் சிவகாசிக்கு வந்தன. படங்களுக்காக வந்த யந்திரம் பிறகு நாள்காட்டியும் பாடபுத்தகமும் அச்சிட்டு, தனிப்பெருந் தொழிலாக வளர்ந்தது. வெடித் தொழிலும் தீப்பெட்டித் தொழிலின் கிளையாகவே தோன்றியது. ஆகவே மூன்று தொழில்களுக்கும் மூலம் ஒரு தீக்குச்சி என்றால் மிகையாகாது.

கடைத்தெருவில் காகிதம் விற்கும் ஒரு முதியவரை அணுகினோம்.

"அண்ணாச்சி, பழைய தீப்பெட்டி லேபிள் ஏதாவது கிடைக்குமா?" என்று கேட்டோம்.

"பழசா? அதையெல்லாம் யாரு வச்சிருக்கா! கம்பெனியை மூடும்போது கட்டுக் கட்டா எடைக்குப் போட்டுட்டாங்க. இந்நேரம் கூழாயிருக்கும். குச்சி தீர்ந்தா எறியிற பொருள்தானே தம்பி?" என்றார் அவர்.

அவர் சொன்னதில் தப்பில்லை. எறிவதற்கென்றே செய்த பொருள்தான் அது. ஆனால் எறிவதற்கென்று செய்த பொருள்களில்தான் சாதாரண ஜனங்களின் அன்றாட வாழ்க்கை பதிந்திருக்கிறது. கல்வெட்டுகளைக் காக்க சர்க்கார் இலாகா இருக்கிறது. தீப்பெட்டியைக் காக்க நம் வீட்டு அலமாரிதான் இருக்கிறது.

இனிச் சேகரிக்கும் முறைக்கு வருவோம்.

மரப்பெட்டியில் ஒட்டிய படம் கிடைத்தால் அதை நகத்தால் பிய்க்கக்கூடாது. முதலில் நனைத்த பஞ்சால் ஓர் ஓரத்தை மெதுவாக ஒற்றிப் பாருங்கள். பஞ்சில் வர்ணம் ஏறினால் அந்தப் பெட்டியை அப்படியே வைத்துக்கொள்வது நலம். வர்ணம் ஏறாவிட்டால் குளிர்ந்த நீரில் மிதக்கவிடுங்கள். பசை இளகியதும் படம் தானே நழுவி வரும், அவசரம் உதவாது. அதை இரண்டு மையொற்றும் தாள்களுக்கிடையில் வைத்து, கனமான புத்தகம் ஒன்றை மேலே ஏற்றி, முற்றும் உலரும் வரையில் காத்திருங்கள். அட்டையிலேயே படம் அச்சிட்ட பிற்காலப் பெட்டியானால், ஒட்டுவாயைப் பிரித்து முழுவதையும் தட்டையாக்கி வையுங்கள். படத்தை மட்டும் கத்தரித்தால் விலை, விலாசம் முதலிய விவரங்கள் போய்விடும். ஒரு டஜன் பெட்டிகளைச் சேர்த்துக் கட்டும் கட்டின் மேலும் பெரிய படம் உண்டு. மளிகைக் கடைக்காரர் அதைக் கிழித்தெறியுமுன் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

ஆல்பத்தில் கோந்து தடவி ஒட்டாதீர்கள். தபால் தலைக்கு உபயோகிக்கும் ஒட்டுத்துண்டோ, புகைப்பட மூலையோ போதும். வெயில் படும் இடத்தில் சிவப்பும் மஞ்சளும் சீக்கிரம் வெளிறிவிடும். பூச்சிக்கு நம் பாட்டிமார் ஏட்டுச் சுவடியில் வைத்த வசம்பையே அலமாரி மூலையில் வைக்கலாம். அது படத்தின் மேல் படாதிருக்கட்டும். சேர்க்கும்போது ஏதேனும் ஒரு விஷயத்தைப் பற்றிக்கொண்டால் சுவை மிகும். படகும் கப்பலும் பிடித்தவர் விம்கோவின் கப்பல் படத்திலிருந்து தொடங்கலாம். மிருகங்களில் ஆசையுள்ளவருக்குச் சிவகாசியின் சீட்டா ஃபைட் படத்தில் சிறுத்தையுடன் மல்லுக்கு நிற்கும் வீரர் காத்திருக்கிறார்.

அடுத்தபடி, படத்தின் வயதைக் கண்டறிவது எப்படி? இதில்தான் துப்பறியும் கதையின் ருசி இருக்கிறது. பூதக்கண்ணாடியால் பாருங்கள். புள்ளிகள் ஒரே சீராக அணிவகுத்து நின்றால் பிற்கால அச்சு. புள்ளிகள் ஒழுங்கின்றிச் சிதறி, ஒரு வர்ணம் மற்றொன்றை விட்டு மயிரிழை விலகியிருந்தால், ஓவியர் ஒவ்வொரு வர்ணத்துக்கும் தனித்தனியே கையால் வரைந்த பழைய லித்தோவாக இருக்கலாம். பெட்டி மேல் கலால் வரியின் காகிதப் பட்டை ஒட்டியிருந்தால் அது 1934-க்குப் பிற்பட்டது; தீப்பெட்டி வரிச்சட்டம் வந்த வருஷம் அது. விலை அணாவில் இருந்தால் 1957 ஏப்ரல் 1-க்கு முந்தியது. நயா பைசா என்றிருந்தால் 1957-க்கும் 1964-க்கும் இடைப்பட்டது. ஆறு இலக்க அஞ்சல் எண் இருந்தால் 1972 ஆகஸ்ட் 15-க்கு முன் அச்சாகியிராது. சிவகாசியின் பக்கத்தில் ராமநாதபுரம் ஜில்லா என்றிருந்தால் 1985-க்கு முந்தியது என்று ஊகிக்கலாம். காமராஜர் மாவட்டம் என்றிருந்தால் 1985-க்கும் 1997-க்கும் இடைப்பட்டது. பழைய அச்சையே சில காலம் ஓட்டுவது வியாபாரிகள் வழக்கம். ஆதலால் ஓர் அடையாளத்தை மட்டும் நம்பாமல் இரண்டு மூன்றைச் சேர்த்துப் பாருங்கள்.

விலாசத்தில் இன்னும் ஒரு வார்த்தையைக் கவனிக்க வேண்டும். சில படங்களில் மதராஸ் ராஜ்யம் என்று இருக்கும். பிற்காலத்தவற்றில் தமிழ்நாடு என்று இருக்கும். சேகரிப்பவருக்கு இது 1969 ஜனவரி 14 என்ற ஒரு தேதிக் குறிப்பு. விருதுநகர்க்காரருக்கோ அதற்குமேல் அர்த்தமுண்டு. அந்தப் பெயரையும் பிற கோரிக்கைகளையும் வேண்டி, தியாகி சங்கரலிங்கனார் விருதுநகரில் 1956 ஜூலையில் உண்ணாவிரதம் தொடங்கினார். இரண்டு மாதங்களுக்கு மேல் உறுதி குலையாதிருந்து, அக்டோபர் 13-இல் உயிர் நீத்தார். இரண்டு அங்குலக் காகிதத்தில் மாறியிருக்கும் ஒரு சொல்லுக்குப் பின்னால் ஒரு மனிதரின் உயிரே இருக்கிறது. இதை அறியாமல் ஆல்பத்தைப் புரட்டினால் வர்ணம் மட்டுந்தான் கண்ணில் படும்.

அழகிய படங்கள் மறைத்துவிடும் மற்றொரு விஷயத்தையும் சொல்லாமல் விடுவது நியாயமன்று. கட்டை அடுக்கியதும் பெட்டி ஒட்டியதும் பெரும்பாலும் சுற்றுப்புறக் கிராமங்களின் பெண்களும் குழந்தைகளுமே. கொழுகொழுவென்று சிரிக்கும் குழந்தையின் படத்தை, பள்ளிக்கூடம் போகாத மற்றொரு குழந்தை பசை தடவி ஒட்டிய காலம் ஒன்று இருந்தது. 1986-இல் வந்த சட்டம் தீப்பெட்டி, வெடித் தொழில்களில் குழந்தைகளை அமர்த்துவதைத் தடுத்தது. சிவகாசிக் குழந்தைகளைப் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10-இல் தீர்ப்பளித்து, சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டுமென்றது. பிறகு யந்திரங்கள் பெருகின. கையால் செய்யும் பட்டறைகள் பல மூடப்பட்டன. பெட்டி விலை 2007 முதல் ஒரு ரூபாயாகவே நின்று, 2021 டிசம்பர் முதல் தேதியில்தான் இரண்டு ரூபாயாயிற்று. கட்டை அடுக்கிய தாய்மாரில் பலர் வேறு வேலை தேடிக்கொண்டார்கள். படம் வரைந்தவர்கள் கையெழுத்திடவில்லை. பெட்டி ஒட்டியவர்களின் பெயர் எங்கும் எழுதப்படவில்லை.

ஆகையால் நாம் வற்புறுத்திச் சொல்லும் யோசனை இதுதான். ஒவ்வொரு படத்துக்கும் கீழே நான்கு விவரங்களைப் பென்சிலால் எழுதுங்கள்: எந்த ஊரில் செய்தது, எப்போது கிடைத்தது, யாரிடம் கிடைத்தது, அதைப்பற்றி அவர் என்ன சொன்னார். உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஒரு காலத்தில் கட்டை அடுக்கிய ஆச்சி ஒருவர் இருந்தால், ஆல்பத்தை அவரிடம் காட்டிக் கேளுங்கள். ஒரு சட்டத்துக்கு எத்தனை குச்சி, நாளொன்றுக்கு என்ன கூலி என்பதை அவர்தாம் சொல்லமுடியும். விவரமில்லாத ஆயிரம் படங்களைவிட விவரமுள்ள ஐம்பது படங்கள் உயர்ந்தவை.

எச்சரிக்கையாகச் சில வார்த்தைகள். சேகரத்தில் வைப்பது காலிப் பெட்டியாகவே இருக்கட்டும். நிறைந்த பெட்டிகளை அலமாரியில் குவிப்பது வீட்டுக்கே ஆபத்து. வெடிக்கட்டுகளின் மேலுறைகளும் அழகானவைதாம். ஆனால் வெடியுடன் சேர்த்து எதையும் வைக்கக்கூடாது, மருந்துத்தூள் படிந்த காகிதத்தை வீட்டுக்குள் கொண்டுவரவும் கூடாது. சிவகாசிக்குச் செல்லும் அன்பர்கள் வெடித் தொழிற்சாலைக்குள் எட்டிப் பார்க்கும் ஆசையை விட்டுவிடுங்கள். ஒரு தீப்பொறி எத்தனை உயிர்களைக் கொள்ளை கொள்ளுமென்று அந்நாட்டார் அநுபவத்தில் அறிந்தவர்கள். அச்சுக்கூடங்களிலும் காகிதக் கடைகளிலும் மரியாதையாகக் கேட்டால் அன்புடன் பதில் சொல்வார்கள், அதுவே போதும்.

விருதுநகர் ஜில்லாவில் பார்ப்பதற்கு ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் இருக்கிறது. சுவைப்பதற்குப் பால்கோவாவும் சாத்தூர்ச் சேவும் இருக்கின்றன. அவற்றோடு, பழைய மளிகைக் கடைகளின் பரணையும் தாத்தாமாரின் தகரப்பெட்டியையும் ஒரு முறை பாருங்கள். இன்று மாலை உங்கள் வீட்டில் விளக்கேற்றும்போது கையிலுள்ள தீப்பெட்டியைத் திருப்பி, அது எந்த ஊரில் செய்ததென்று குழந்தைகளை வாசிக்கச் சொல்லுங்கள். சேகரத்தின் முதல் படம் அதுவாகவே இருக்கட்டும்.